பொண்ணுகிட்ட யூனிஃபார்ம் போட்டோ கேட்கறாங்க, போனைப் புடுங்கி வெச்சா போதுமா?

கொழிஞ்சாம்பாறை அம்மா:
வணக்கம்ங்க. நாங்க கேரளாவுல, பாலக்காடு பக்கம். பொண்ணு ஏழாவது, தமிழ் மீடியம். வீட்டுல ஒரே போன், அதுவும் என்னோடது. சாயங்காலம் அதுல கேம் விளையாடுவா, அதுலயே அஞ்சாறு புள்ளைங்க பேசிக்குவாங்க. அப்படிப் பழகின ஒரு ‘அக்கா’ இப்ப வாட்ஸப்புக்கே வந்துட்டாங்க. எந்த ஸ்கூல், பஸ் எங்க ஏறுவே, யூனிஃபார்ம்ல ஒரு போட்டோ அனுப்பு, கேம்ல பொருள் வாங்கற டயமண்ட் போட்டு விடறேன்னு மெசேஜ். பொண்ணே கொண்டாந்து காமிச்சா. ஒண்ணும் அனுப்பலைங்கறா, நானும் பார்த்துட்டேன்.

அவங்கப்பா பொள்ளாச்சிக்குக் காய் லோடு ஏத்தறவரு. கேட்டதும், இனி அவ போனைத் தொடவே கூடாதுன்னுட்டாரு. ஆனா ஸ்கூல் குரூப்புல வர்றது பாதி மலையாளம். எனக்குப் பேச வரும், படிக்க வராது. அவதான் படிச்சுச் சொல்லணும். என்ன பண்றதுன்னு தெரியலைங்க.

குமுளி ஏலத்தோட்டம்:
அந்த நம்பரை உடனே பிளாக் பண்ணுங்க அக்கா. எங்க லைன்லயும் ஒரு பையனுக்கு இப்படித்தான் வந்துச்சு.

வண்ணாமடை அக்ஷயா:
பிளாக் பண்ணலாம், ஆனா அதுக்கு முன்னாடி ஒரு வேலை இருக்குங்க. நான் அக்ஷயா சென்டர்ல, அதான் கேரளா அரசோட இ-சேவை மையத்துல, உக்காந்திருக்கறவன். பதறிப்போய் எல்லாத்தையும் அழிச்சுட்டு வர்றவங்களைத்தான் அதிகம் பார்க்கறேன். முதல்ல மெசேஜ் மொத்தத்தையும் தேதி, நேரம், நம்பர் தெரியற மாதிரி ஸ்க்ரீன்ஷாட் எடுங்க. கேம்ல அந்த ஆளோட பேரு, ஐடி நம்பர் இருக்கற பக்கத்தையும் எடுத்துக்கங்க. அப்புறம் வாட்ஸப்புல ரிப்போர்ட் கொடுத்து பிளாக் பண்ணுங்க. கேமுக்குள்ளயும் ரிப்போர்ட் பண்ற வசதி இருக்கும், அங்கயும் கொடுங்க.

அந்த ‘அக்கா’ அக்காவாவே இருக்கணும்னு இல்லீங்க. ஸ்கூல், பஸ் ஸ்டாப், யூனிஃபார்ம் மூணும் சேர்ந்தா புள்ளையை நேர்லயே தேடி வந்துடலாம். சாதாரண போட்டோதானேன்னு ஆரம்பிப்பாங்க. அடுத்து வேற மாதிரி போட்டோ கேட்பாங்க. அனுப்பிட்டா, அப்பா அம்மாகிட்ட சொல்லிடுவேன்னு மிரட்டுவாங்க. அந்த மிரட்டல் எதனால பலிக்குதுன்னு யோசிச்சுப் பாருங்க: வீட்டுல தெரிஞ்சா அடி விழும், போன் போயிடும்ங்கற பயம்தான். உங்க பொண்ணு தானா வந்து காமிச்சிருக்கா. இப்பப் போனைப் புடுங்கினா, அடுத்த தடவை காமிக்க மாட்டா. அவங்கப்பாகிட்ட இதை மட்டும் பொறுமையா எடுத்துச் சொல்லுங்க. இன்னிக்கு ராத்திரியே சொல்லுங்க.

இனி போன். எல்லாரும் ஃபேமிலி லிங்க் போடுங்கன்னு சொல்லுவாங்க. அது புள்ளை பேர்ல கணக்கு இருக்கற போனுக்குத்தான் ஆகும். உங்க போன் உங்க கணக்குல ஓடுது. அதனால பிளே ஸ்டோர் செட்டிங்ஸ்ல பேரன்டல் கன்ட்ரோல் போட்டு, பின் நம்பரை நீங்க மட்டும் வெச்சுக்கங்க. எதை வாங்கினாலும் பாஸ்வேர்டு கேட்கற மாதிரி மாத்துங்க. செக்யூரிட்டி செட்டிங்ஸ்ல ஸ்க்ரீன் பின்னிங்னு இருக்கும், சில போன்ல ஆப் பின்னிங்னு வரும். அதைப் போட்டு, வெளிய வரும்போது பின் கேட்கற ஆப்ஷனையும் ஆன் பண்ணி, ஸ்கூல் குரூப்பைத் திறந்து பின் பண்ணிக் கொடுத்தா, உங்க லாக் நம்பர் இல்லாம வேற ஆப்புக்குப் போக முடியாது. மலையாளத்தைப் படிச்சுச் சொல்லிட்டுத் திருப்பிக் கொடுக்கட்டும். கேம்ல வாய்ஸ் சாட்டை அணைச்சுடுங்க. வாட்ஸப் பிரைவசியில புரொஃபைல் போட்டோவும், குரூப்புல யார் சேர்க்கலாம்ங்கறதும் ‘மை கான்டாக்ட்ஸ்’னு இருக்கட்டும்.

கொழிஞ்சாம்பாறை அம்மா:
ரொம்ப நன்றிங்க அண்ணா. போலீஸ்ல சொல்லணுமா? பொண்ணு பேரு வெளிய வந்துடுமோன்னுதான் அவருக்குப் பயம்.

வண்ணாமடை அக்ஷயா:
சொல்றது நல்லதுங்க. இதே ஆளு எத்தனை புள்ளைங்ககிட்டப் பேசிட்டிருக்கானோ. நேஷனல் சைபர் கிரைம் போர்ட்டல்ல பெண்கள், குழந்தைகள் சம்பந்தப்பட்டதைப் பேரு சொல்லாமயே பதிவு பண்ண வழி இருக்கு. கேஸாவே ஆனாலும், குழந்தைகளைப் பாலியல் குற்றத்துல இருந்து காக்கற 2012 போக்ஸோ சட்டப்படி குழந்தையோட பேரு, படம், ஸ்கூல் எதையும் பத்திரிகைல போடக் கூடாது. அந்தச் சட்டம் பையன், பொண்ணுன்னு பிரிச்சும் பார்க்காது. பேசறதுக்கு 1098 இருக்கு, குழந்தைகளுக்கான நம்பர், எந்நேரமும் எடுப்பாங்க. பணம் போயிருந்தா சைபர் மோசடிக்கான நம்பர் 1930, அதுல ஒரு மணி நேரம்கூடத் தள்ளக் கூடாது. ஃபார்ம் போடத் தெரியலைன்னா பக்கத்து அக்ஷயாவுக்கு ஸ்க்ரீன்ஷாட்டோட வாங்க, கூட உக்காந்து போட்டுக் கொடுப்போம்.

சித்தூர் டீச்சர்:
ஒண்ணு சேர்த்துக்கறேன். எந்தப் புள்ளையோட தப்பான போட்டோவாவது உங்க கைக்கு வந்தா, விசாரிக்கறேன்னு குரூப்புல ஃபார்வர்டு பண்ணிடாதீங்க. அனுப்பறதே தகவல் தொழில்நுட்பச் சட்டம் (ஐடி சட்டம்) 67பி பிரிவுல குற்றம். நேரா போலீஸ்தான்.

அப்புறம், 2022ல கைட்ங்கற கேரளா அரசோட கல்வித் தொழில்நுட்ப அமைப்பு மூலமா, ஸ்கூல்ல இருக்கற அதோட ‘லிட்டில் கைட்ஸ்’ ஐடி கிளப் புள்ளைங்களே அம்மாமாருக்கு சைபர் பாதுகாப்பு கிளாஸ் எடுத்தாங்க. உங்க பக்கத்து ஹைஸ்கூல்ல அந்த யூனிட் இருந்தா, தமிழ்ல ஒரு கிளாஸ் வைக்கச் சொல்லி பெற்றோர்-ஆசிரியர் (பிடிஏ) மீட்டிங்ல கேளுங்க. நானும் எங்க ஸ்கூல்ல கேட்கறேன்.

கொழிஞ்சாம்பாறை அம்மா:
ஸ்க்ரீன்ஷாட் எடுத்தாச்சுங்க. கேம் ஐடி எங்க இருக்குன்னு அவளே தேடி எடுத்துக் கொடுத்தா. நாளைக்கு அக்ஷயாவுக்கு அவரையும் கூட்டிட்டு வர்றேன்.