ஷெல் ஸ்கிரிப்ட்: எஃப்எஃப்எம்பெக் முதல் கோப்பை மாற்றியதும் லூப் நின்றுவிடுகிறது

கேள்வி
வணக்கம். கேம்கார்டரில் பதிவான எம்டிஎஸ் கோப்புகளை எம்பி4 ஆக மாற்ற பாஷ் ஸ்கிரிப்ட் ஒன்று எழுதியுள்ளேன். ஃபைண்ட் கட்டளை தரும் பட்டியல் பைப் வழியாக, வரி வரியாகப் படிக்கும் வைல் ரீட் லூப்புக்குச் செல்கிறது. லூப்புக்குள் ஒவ்வொரு கோப்புக்கும் எஃப்எஃப்எம்பெக் என்ற வீடியோ மாற்று நிரல் ஓடுகிறது. முதல் கோப்பு சரியாக மாறுகிறது. அதன்பின் சில நேரம் லூப் ஓசையின்றி முடிந்துவிடுகிறது. சில நேரம் அடுத்த கோப்பின் பாதையில் முன்பாதி காணாமல் போய், அப்படியொரு கோப்பே இல்லை என்ற பிழை வருகிறது. மாறிகளை மேற்கோள் குறிக்குள்தான் வைத்திருக்கிறேன். தனித்தனியாக ஓட்டினால் எல்லாக் கோப்புகளும் மாறுகின்றன.

மறுமொழி 1
பட்டியலை எஃப்எஃப்எம்பெக் தின்றுவிடுகிறது. ரீட் ஒரு வரியை மட்டும் எடுத்துக்கொள்ள, மீதி வரிகள் பைப்பிலேயே காத்திருக்கும். லூப்புக்குள் ஓடும் எஃப்எஃப்எம்பெக்குக்கும் அதே பைப்தான் ஸ்டாண்டர்டு இன்புட், அதாவது உள்ளீட்டைப் படிக்கும் வழி. அது விசைப்பலகைக் கட்டளைகளை எதிர்பார்த்து அவ்வப்போது ஓர் எழுத்தாகப் படித்துக்கொண்டே இருக்கும். வீடியோ நீளமானதென்றால் பட்டியல் முழுதும் தீர்ந்து லூப் முடியும்; சிறியதென்றால் அடுத்த பெயரின் தலை மட்டும் போகும். எஃப்எஃப்எம்பெக் கட்டளையில் ‘நோ எஸ்டிடிஇன்’ என்ற தேர்வைச் சேருங்கள், அல்லது அதன் இன்புட்டை, படித்தால் எதுவும் தராத டெவ் நல்லுக்குத் திருப்புங்கள். தொலைக் கணினியில் கட்டளை ஓட்டும் எஸ்எஸ்எச் லூப்புக்குள் ஓடினாலும் இதே தொல்லைதான்.

கேட்டவர்
நன்றி ஐயா, தேர்வைச் சேர்த்ததும் பட்டியல் முழுதும் ஓடியது. ஆனால் முன்பு மாறிய கோப்புகளில் ஒன்று பிழை ஏதும் காட்டாமல் பாதியிலேயே முடிந்திருக்கிறது. அதற்கும் இதுதான் காரணமா?

மறுமொழி 1
ஆம். பட்டியலில் பின்னால் வரும் பெயர் எதிலாவது ஆங்கிலச் சிறிய க்யூ எழுத்து இருந்திருக்கும். எஃப்எஃப்எம்பெக்கில் அது ‘நிறுத்து’ என்ற விசை. அதைப் படித்ததும் அது வரை மாறியதை முறையாக மூடி வைத்துவிட்டு வெளியேறும் என்பதால், கோப்பு நன்றாகவே இயங்கும், நீளம் மட்டும் குறையும். பழைய வெளியீடுகளை நம்பாமல், கோப்பின் விவரங்களைக் காட்டும் எஃப்எஃப்புரோப் கொண்டு மூலத்தின் நீளத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

மறுமொழி 2
இரண்டு செய்திகள். கேம்கார்டர்களின் ஏவிசிஎச்டி வடிவ எம்டிஎஸ் கோப்புகளில் இருப்பதே எச்.264 முறையில் சுருக்கிய வீடியோதான், கொள்கலனை (படத்தையும் ஒலியையும் சேர்த்து வைக்கும் கோப்பு வடிவத்தை) மட்டும் மாற்றினால் போதுமென்றால், மறு என்கோடிங் செய்யாமல் ‘காப்பி’ தேர்விலேயே சில நொடிகளில் முடியும். இன்டர்லேஸ் கோடுகளை (ஒற்றை, இரட்டை வரிகளைத் தனித்தனியாகப் பதிவதால் அசைவில் தெரியும் சீப்புக் கோடுகளை) நீக்கவோ அளவைக் குறைக்கவோ வேண்டுமானால்தான் என்கோடிங் தேவை. அடுத்து, ஏற்கெனவே உள்ள கோப்பைத் தாண்டிச் செல்லும்படி ஸ்கிரிப்ட் எழுதினால், மின்வெட்டில் அறுந்த அரைகுறைக் கோப்பும் முடிந்ததாகவே கணக்காகும். ஆகவே தற்காலிகப் பெயரில் எழுதி, வெற்றியாக முடிந்தபின் எம்வி கொண்டு பெயர் மாற்றுங்கள். தற்காலிகப் பெயரும் எம்பி4 என்றே முடியட்டும், ஏனெனில் எஃப்எஃப்எம்பெக் வெளியீட்டு வடிவத்தை அந்த விகுதியிலிருந்துதான் ஊகிக்கிறது.

கேட்டவர்
இன்டர்லேஸ் கோடுகள் இருப்பதால் அவற்றை நீக்கும் யாடிஃப் வடிகட்டியோடு என்கோடிங்கே செய்கிறேன். நீளம் குறைந்த கோப்புகளை அழித்துவிட்டு, தற்காலிகப் பெயர் முறையில் மீண்டும் ஓட்டியிருக்கிறேன்.