தென்மண்டலக் கபடி: 37 அணிக்கு ஃபிக்சர் (ஆட்ட அட்டவணை) இடிக்குது, உதவி தேவை

போட்டிக்குழு: பல்கலைக்கழகங்களுக்கு இடையேயான தென்மண்டல ஆண்கள் கபடி, நாக்அவுட் கம் லீக் (தோத்தா வெளியே, கடைசி நாலு அணி மட்டும் ஒவ்வொருத்தரோடும் ஆடும்). வந்த என்ட்ரி 37. லீகுக்கு 4 அணி வேணும். ஒற்றைப்படை வர்ற சுற்றிலெல்லாம் ஒரு பை (ஆடாமலே அடுத்த சுற்றுக்குப் போறது) கொடுத்தா 37, 19, 10, 5, 3னு போகுது. நாலு வரவே மாட்டேங்குது. சீடு (ஒண்ணோடொண்ணு சீக்கிரம் மோதாம பிரிச்சு வைக்கிற அணிகள்) போன வருஷத்து முதல் நாலு அணி. மேட் ரெண்டு இருக்கு.

கோடும்விசிலும்: பை மொத்தமும் முதல் சுற்றிலேயே தீர்ந்துடணும். 32, 64னு இரட்டிச்சுப் போனா 37-க்கு அடுத்தது 64. 64-37=27 பை. முதல் சுற்றில் 10 அணிதான் ஆடும், 5 ஆட்டம். பிறகு 32, 16, 8, 4. அணிகளை 1 முதல் 37 வரை வரிசையா எழுதி ரெண்டாப் பிரிச்சா மேல்பாதி 19 அணி, 13 பை. கீழ்ப்பாதி 18 அணி, 14 பை. முதல் பை கீழ்ப்பாதிக் கடைசிக்கு, அடுத்து மேல்பாதி முதலுக்கு, கீழ்ப்பாதி முதலுக்கு, மேல்பாதிக் கடைசிக்கு. அப்படியே மாத்தி மாத்திக் கொடுங்க.

ரெய்டுலைன்: கணக்கு சரி சார். ஆனா அந்த மனப்பாட வரிசை 37-க்கு உதைக்கும். மேல்பாதியில் 1 முதல் 7 வரை, 14 முதல் 19 வரை உள்ள அணிகளுக்கு பை விழும். மேல்பாதியை மறுபடி ரெண்டாப் பிரிச்சா முதல் கால்பகுதியில் 10 அணி, 7 பை, கூட்டினா 17. இருக்கிற இடமே 16. பத்தாவது அணி அடுத்த கால்பகுதியில் போய் உட்காரும்.

கால்பகுதி வாரியா போடுங்க. 37-ஐ 4-ஆல் வகுத்தா 9, மீதி 1. அந்த ஒண்ணு முதல் பகுதிக்கு: 10, 9, 9, 9. பை 6, 7, 7, 7. முதல் சுற்று ஆட்டங்கள் 4-5 (4-ம் எண் அணியும் 5-ம் எண் அணியும்), 6-7, 15-16, 24-25, 32-33. மத்த எல்லாருக்கும் பை. சீடு அணிகள் உட்காரும் எண்: சாம்பியன் 1, ரன்னர் 37, மூன்றாமிடம் 20, நான்காமிடம் 19. மீதி 33 அணிக்கும் லாட் (சீட்டுக் குலுக்கல்).

போட்டிக்குழு: நன்றி சார். எத்தனை நாள் ஆகும்? கடைசி நேரத்தில் 38-வது அணி வந்தா?

ரெய்டுலைன்: நாக்அவுட் 33, லீக் 6, மொத்தம் 39 ஆட்டம். ஆட்டம் 20-5-20 நிமிஷம்தான் (ரெண்டு பாதி, நடுவில் இடைவேளை), ஆனாலும் டைம்அவுட், மேட் துடைக்கிறது எல்லாம் சேர்த்து ஒரு மணி நேரம் ஒதுக்குங்க. முதல் நாள் முதல் சுற்று 5, கூடவே இரண்டாம் சுற்றில் அந்த ஜெயிச்ச அணிகள் வராத 11 ஆட்டம். ரெண்டு மேட்டில் எட்டு மணி நேரம். அன்னைக்கு யாரும் ரெண்டு தடவை ஆட வேண்டாம். மறுநாள் காலை மிச்ச 5, மாலை மூன்றாம் சுற்று 8. மூணாம் நாள் காலை கால்இறுதி, மாலை லீக் முதல் ரெண்டு. மீதி நாலு கடைசி நாள்.

38-வது அணி லாட்டுக்கு முன்னாடி வந்தா பை 26 ஆகும், கூடுதல் அணி மூன்றாம் கால்பகுதிக்கு. லாட்டுக்கு அப்புறம்னா என் கருத்து, சேர்க்காதீங்க.

கோடும்விசிலும்: கால்பகுதி கணக்கு சரிதான், என் வரிசை சின்னப் போட்டிக்குத்தான் ஒத்துவரும். அணி வரலைன்னா வாக்ஓவர் (எதிரணி ஆடாமலே ஜெயிச்சதா) மட்டும் குறிங்க, கட்டத்தை மாத்தாதீங்க. லீகில் நாலு அணியுமே அகில இந்தியப் போட்டிக்குப் போகும். அதுக்காகக் கடைசி ஆட்டங்களை விட்டுடாதீங்க, அடுத்த வருஷ சீடு அதில்தான் தெரியும்.