மறு: சுவர்ச்சறுக்கலா, சுவர் வழுக்கலா?

> பேஸ்டைக் குழாய் வழியே பிதுக்கும்போது அது சுவரைப் பற்றி நிற்காமல் மொத்தமாக நகர்கிறது. ஆங்கிலத்தில் wall slip எனப்படும் இதற்கு நம் கலைச்சொல் தொகுப்பில் 'சுவர்ச்சறுக்கல்' என்று போட்டிருக்கிறேன். சரிதானே?

சரியில்லை என்றுதான் சொல்வேன். சறுக்கல் நல்ல சொல், ஆனால் அந்த நாற்காலியில் ஏற்கெனவே ஆள் இருக்கிறது. பள்ளி இயற்பியல் நூல்களில் சறுக்குப் பெயர்ச்சி என்றால் ஒரு பொருளின் அடுக்குகள் ஒன்றின்மேல் ஒன்று நகர்ந்து உருக்குலைவது. நீங்கள் பெயர் தேடுவது ஏறக்குறைய அதற்கு எதிரானதற்கு. பேஸ்டின் உடம்பு உருக்குலையாமல் அப்படியே போகிறது; உருக்குலைவு முழுவதையும் சுவரை ஒட்டிய ஒரு மெல்லிய படலம் வாங்கிக்கொள்கிறது. 'சறுக்குப் பெயர்ச்சி இல்லை, ஆனால் சுவர்ச்சறுக்கல் உண்டு' என்று எழுதினால் மாணவர் புத்தகத்தை மூடிவிடுவார்.

இதைக் கண்ணால் பார்க்கலாம். வெள்ளைக் களிமண் வில்லையும் சாயம் கலந்த வில்லையும் மாற்றி மாற்றி, குறுகல் இல்லாத நேரான குழாயில் அடுக்கித் தள்ளினேன். வெளியே வந்த தண்டை மெல்லிய கம்பியால் நீளவாக்கில் அறுத்தேன். வழவழப்பான எஃகுக் குழாயில் நிற எல்லைகள் தட்டையாகவே இருந்தன, அடுக்கி வைத்ததுபோல. குழாயின் உட்புறம் உப்புத்தாள் ஒட்டிவிட்டுத் தள்ளினால் கதை வேறு: நடுவில் தட்டை, ஓரங்களில் எல்லைக்கோடுகள் பின்னோக்கி வளைந்து இழுபட்டிருந்தன. முதல் தண்டின் மேற்பரப்பு ஈரமாகப் பளபளத்தது, விரலில் பிசுபிசுத்தது. அறுத்த உட்புறம் அவ்வளவு ஈரமில்லை. அந்த ஈரத்தில்தான் விஷயம் இருக்கிறது. துகள்கள் சுவருக்குள் புக முடியாது என்பதால் சுவரோரம் அவற்றின் நெருக்கம் குறைந்து, நீர்மம் மிகுந்த படலம் ஒன்று அமைந்துவிடுகிறது.

> சுவர் வழுக்கல் என்றே வைத்துவிடலாமே, எல்லோருக்கும் புரியும்.

புரியும், எனக்கும் முதலில் அதுதான் தோன்றியது. ஆனால் தமிழில் எது வழுக்குகிறது என்று கவனியுங்கள். 'தரை வழுக்குகிறது' என்கிறோம்; வழுக்குவது தரையின் குணம். 'சோப்பு நழுவுகிறது' என்றால் நகர்வது சோப்பு. நாம் அளப்பது சுவரின் குணத்தை அல்ல, பொருள் சுவரோரம் என்ன வேகத்தில் நகர்கிறது என்பதை. தவிர, வழுக்கல் என்றதும் தடையே இல்லை என்ற எண்ணம் வந்துவிடுகிறது. தடை இருக்கிறது. சுவரோரத் தகைவு (சுவரின் ஓரலகுப் பரப்பை ஓட்டத் திசையில் இழுக்கும் விசை) 20 கிலோபாஸ்கல், படலத்தின் தடிமன் 1 மைக்ரான், அதிலுள்ள நீர்மத்தின் பாகுநிலை 1 பாஸ்கல்-வினாடி என்று வைத்துக்கொள்வோம். தகைவைத் தடிமனால் பெருக்கிப் பாகுநிலையால் வகுத்தால் வேகம் வினாடிக்கு 20 மில்லிமீட்டர். இத்தனை தகைவைச் சுவர் தாங்கிக்கொண்டிருக்கும்போதே பேஸ்ட் ஓடுகிறது.

குறளில் வரும் 'இழுக்கல்' என்ற சொல்லுக்கும் வழுக்கல் என்றுதான் பொருள். ஆசையாக எடுத்துப் பார்த்தேன். இன்று அது அவப்பெயர் அல்லது இழுத்தல் என்றே காதில் விழும். விட்டுவிட்டேன்.

நழுவலுக்கு முன்வழக்கும் உண்டு: மின்னியற்றியின் நழுவு வளையங்கள். எனவே நழுவல். ஆனால் 'சுவர் நழுவல்' என்றால் நிலச்சரிவில் நிலம் சரிவதுபோல் சுவரே நழுவுகிறது! அதனால் என் பரிந்துரை சுவரோர நழுவல். இதிலிருந்து மற்றவை தாமாகவே கிளைக்கின்றன: நழுவு வேகம், நழுவு படலம், விட்டுவிட்டு நகர்ந்தால் பற்றி-நழுவல். பாய்ம இயக்கவியலில் சுவரோர வேகம் சுழி என்று எடுத்துக்கொள்வது நழுவா நிலை. நழுவு வேகத்தை அளக்க மூனி என்ற இயற்பியலாளர் 1931-இல் சொன்ன முறையையும் ஒரே மூச்சில் எழுதிவிடலாம்: ஒரே சுவரோரத் தகைவில் வெவ்வேறு ஆரமுள்ள குழாய்களின் தோற்றச் சறுக்கு வீதத்தை (நழுவலே இல்லை என்று கொண்டு, ஓட்ட அளவிலிருந்து கணக்கிடும் சறுக்குப் பெயர்ச்சியின் வேகத்தை), ஆரத்தின் தலைகீழிக்கு எதிராக வரைந்தால் கிடைக்கும் சாய்வில் நான்கில் ஒரு பங்கே நழுவு வேகம்.

> அப்போது 'சுவர் உராய்வு' எதற்கு? இரண்டும் ஒன்றுதானே?

இதைத்தான் பிரித்தாக வேண்டும். கூலும் என்ற இயற்பியலாளர் சொன்ன உராய்வு, சுவரை அழுத்தும் விசைக்கு விகிதமானது. வேகத்தைப் பெரிதாகக் கண்டுகொள்ளாது. நழுவு படலத்தின் தடை வேகத்தோடு ஏறும், அழுத்தத்தைக் கண்டுகொள்ளாது. விட்டத்தையும் வேகத்தையும் மாற்றாமல் குழாயின் நீளத்தை மட்டும் கூட்டிக்கொண்டே போங்கள். தேவைப்படும் அழுத்தம் நேர்கோட்டில் ஏறினால் நழுவல். பேஸ்டைப் பிதுக்கத் தேவைப்படும் அழுத்தத்தைக் கணக்கிடும் பென்போ, பிரிட்ஜ்வாட்டர் சமன்பாட்டில் நீளத்தை விட்டத்தால் வகுத்து வரும் உறுப்பு இதுதான். கோடு மேல்நோக்கி வளைந்து அடுக்குக்குறியாக எகிறினால் உராய்வு: நீர்மம் பிழிந்து வெளியேறித் துகள்கள் சுவரைத் தேய்க்கத் தொடங்கிவிட்டன என்று பொருள். அச்சு (பேஸ்ட் பிதுங்கி வரும் குழாய்வாய்) அடைத்துக்கொள்வதும் அப்போதுதான். இரண்டுக்கும் ஒரே சொல் வைத்தால் எந்திரத்தின் முன் நிற்பவர் வேகத்தைக் குறைப்பதா, ஈரத்தைக் கூட்டுவதா என்று தடுமாறுவார்.

> நழுவுதல் என்றால் பிடியை விட்டுப் போய்விடுவது. கைநழுவிய வாய்ப்பு என்கிறோமே. பேஸ்ட் சுவரை விட்டு எங்கும் போகவில்லையே, ஐயா?

நல்ல அடி, அம்மா. 'ஓர' என்பதைச் சேர்த்ததில் பாதிச் சிக்கல் தீரும்; சுவரோரமாகவே நழுவுகிறது, சுவரை விட்டு அல்ல. மீதிப் பாதிக்கு என்னிடம் பதில் இல்லை. 'சுவர்வழி நழுவல்' கூடப் பார்த்தேன். கட்டடத்தில் நீர் கசிவதுபோல் இருக்கிறது. இதைவிடப் பொருத்தமாக ஒன்று கிடைத்தால் எழுதுங்கள், மாற்றிக்கொள்கிறேன். அதுவரை தொகுப்பில் சுவரோர நழுவல் என்றே ஏற்றுகிறேன்.

பேஸ்டுக்குத் தமிழ்ச்சொல் கேட்டிருந்தவருக்கு: பசை என்றால் ஒட்டுவது, களிம்பு என்றால் தடவுவது, விழுது என்றால் அரைப்பது. அது தனி இழையில்.