ஆக்சிஜன் கொடுத்தும் மூச்சுத்திணறல் தீராதது ஏன்?

குளச்சல் வாசகர்:
என் பெரியப்பா 2021 இல் நாகர்கோவிலில் கொரோனாவால் இறந்தார். ஆக்சிஜன் இடைவிடாமல் சென்றும் விரலில் மாட்டிய கருவி காட்டிய ஆக்சிஜன் அளவு 80 சதவீதத்தைத் தாண்டவே இல்லை. எக்ஸ்ரேயில் இரு நுரையீரல்களும் வெள்ளையாகத் தெரிந்தன. உள்ளே என்னதான் நடந்திருக்கும்? விவரம் அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

தக்கலை, நோய்க்குறியியல் மாணவி:
தங்கள் இழப்புக்கு வருந்துகிறேன், அண்ணா. காற்றுப்பைகளுக்கும் இரத்த நுண்குழாய்களுக்கும் இடையிலுள்ள சுவர் பல இடங்களில் ஒரு மைக்ரோமீட்டருக்கும் குறைவான தடிமன் உடையது. வைரஸும் அதை எதிர்க்கும் அழற்சியும் சேர்ந்து அச்சுவரைச் சிதைக்கும்போது, இரத்தத்திலுள்ள புரதம் நிறைந்த நீர் பைக்குள் கசிந்து, இறந்த செல்களோடும், இரத்தத்தை உறையவைக்கும் ஃபைப்ரின் என்ற புரத இழைகளோடும் கலந்து, பாலின் மேல் படியும் ஆடை போல உட்சுவரில் படிந்துவிடுகிறது. நுண்ணோக்கியில் இளஞ்சிவப்பாகத் தெரியும் இப்படலமே ஹையலின் சவ்வு. பைகள் சுருங்காமல் காக்கும் சர்ஃபாக்டன்ட் என்ற திரவத்தைச் சுரக்கும், பைச்சுவரின் இரண்டாம் வகைச் செல்களும் பாதிக்கப்படுவதால் பைகள் மூடிக்கொள்கின்றன. காற்று எட்டாத பைகளைச் சுற்றி ஓடும் இரத்தம் ஆக்சிஜன் பெறாமலேயே திரும்புகிறது. வெளியிலிருந்து எவ்வளவு கொடுத்தாலும் பயன் குறைவுதான்.

மார்த்தாண்டம் செவிலியர்:
கொரோனாவில் நுண்குழாய்களுக்குள் சிறு இரத்தக்கட்டிகளும் சேர்ந்துகொண்டன. நோயாளிகளைக் குப்புறப் படுக்க வைத்தது, முதுகுப்பக்கம் மூடிக்கிடக்கும் பைகளைத் திறப்பதற்காகத்தான். 1918 இன்ஃப்ளூயன்சாவிலோ, பெரும்பாலான இறப்புகளுக்குக் காரணம் வைரஸைத் தொடர்ந்து புகுந்த பாக்டீரியா நிமோனியாவே என்பதை, பாதுகாத்து வைத்திருந்த திசுக்களை ஆராய்ந்தவர்கள் கண்டனர்.

குளச்சல் வாசகர்:
மிக்க நன்றி. பிழைத்தவர்களின் நுரையீரல் பழைய நிலைக்குத் திரும்புமா?

தக்கலை, நோய்க்குறியியல் மாணவி:
பலருக்குத் திரும்பும். எஞ்சிய இரண்டாம் வகைச் செல்கள் பெருகிச் சுவரை மீண்டும் மூடுகின்றன. சிலருக்கு மட்டும் அவ்விடத்தில் நார்த்திசு தழும்பாக நின்று, நடக்கும்போது மூச்சு வாங்கும்.