டைனமிக் ரவுட்டிங்: ‘இயங்குநிலை’ வேண்டாம், ‘கேட்டறி’ என்போம்

வணக்கம். வலையமைப்பில் தரவு செல்ல வேண்டிய வழிகளைத் திசைவிகள் (ரவுட்டர்கள்) தமக்குள் சொல்லிக்கொள்ள உதவும் டைனமிக் ரவுட்டிங் புரோட்டகால் என்பதற்கு ‘இயங்குநிலை வழிப்படுத்தல் நெறிமுறை’ என்ற சொல் ஊன்றிவிடுவதற்கு முன், என் மறுப்பையும் மாற்றுச் சொல்லையும் முன்வைக்க விரும்புகிறேன். வழிப்படுத்தல், நெறிமுறை, திசைவி ஆகியவற்றில் எனக்குக் குறையில்லை; சிக்கல் முதற்சொல்லில்தான் இருக்கிறது.

இயங்குதல் என்றால் தமிழில் அசைதல் அல்லது செயல்படுதல். இயந்திரம் இயங்குகிறது, அலுவலகம் இயங்குகிறது என்கிறோம். ஆகவே ‘இயங்குநிலை வழி’ என்று படிப்பவர், இப்போது வேலை செய்துகொண்டிருக்கும் வழி என்றே அதைப் புரிந்துகொள்வார்; அதற்கு எதிராக, மனிதர் கையால் எழுதி இடும் ஸ்டாட்டிக் வழியோ இயங்காத வழி, அதாவது பழுதான வழி என்று தோன்றும். ‘மாறும் வழி’ என்பதும் பொருந்தவில்லை. ஓ.எஸ்.பி.எப் என்னும் டைனமிக் நெறிமுறை வழியாக வந்த ஒரு பதிவு, வலையமைப்பில் பழுது நேராதவரை ஆண்டுக்கணக்கில் மாறாமல் இருக்கலாம். கையால் எழுதிய பதிவோ, அது சார்ந்திருக்கும் இடைமுகம் (திசைவியின் இணைப்பு வாயில்) செயலிழந்தவுடன், திசைவி தன் வழிகளைக் குறித்து வைக்கும் வழி அட்டவணையிலிருந்து நீங்கிவிடுகிறது. எனவே மாறுவதும் மாறாததும் இவ்விரண்டையும் பிரிக்கும் அடையாளமாக முடியாது.

உண்மையான வேறுபாடு, அந்த வழியைத் திசைவிக்குச் சொன்னது யார் என்பதில் இருக்கிறது. ஒன்றை மனிதர் எழுதி இடுகிறார். மற்றொன்றைத் திசைவி தன் அண்டைத் திசைவிகளிடமிருந்து தெரிந்துகொள்கிறது. இந்த அடிப்படையில்தான் முதலாவதை ‘இட்ட வழி’ என்றும், இரண்டாவதைக் ‘கேட்டறி வழி’ என்றும் அழைக்கலாம் என்கிறேன். நெறிமுறையின் பெயர் ‘கேட்டறி வழிப்படுத்தல் நெறிமுறை’ ஆகும். ‘கற்ற வழி’ என்பதையும் எண்ணிப் பார்த்தேன். ஆனால் கற்றல் என்ற சொல் இன்று இயந்திரக் கற்றலோடு இறுகப் பிணைந்துவிட்டதால், திசைவிக்குள் ஏதோ செயற்கை நுண்ணறிவு இருப்பதாக மாணவர் மயங்க இடமுண்டு. மேலும், செவிவழியாக அறிவதைக் ‘கேள்வி’ என்று குறித்தது நம் பழைய வழக்கு. அந்த வேரிலிருந்து சொல் எடுப்பது எனக்கு நிறைவளிக்கிறது.

இதற்கு வரக்கூடிய வலுவான மறுப்பு ஒன்று உண்டு. ரிப் என்னும் மற்றொரு நெறிமுறையில் அண்டைத் திசைவி 30 நொடிக்கு ஒருமுறை தன் வழிகளைச் சொல்கிறது. கேட்ட திசைவி ஒரு தாவலை, அதாவது இடையில் கடக்கும் ஒரு திசைவியை, எண்ணிக்கையில் கூட்டி அப்படியே ஏற்றுக்கொள்கிறது. 15 தாவல்களுக்கு மேற்பட்டது எட்டாத இடம். இது முழுக்கக் கேட்டறிதல்தான். ஓ.எஸ்.பி.எப் அப்படியன்று. அங்கே கேட்கப்படுவது முடிவான வழி அன்று, ஒவ்வொரு திசைவிக்கும் எந்தெந்த இணைப்புகள் உள்ளன என்ற செய்தி. அதைத் திரட்டி வரைபடமாக்கி, டைக்ஸ்ட்ரா 1959இல் வெளியிட்ட முறைப்படி குறுகிய பாதையை ஒவ்வொரு திசைவியும் தானே கணிக்கிறது. அப்படியானால் ‘கணித்தறி’ என்பதன்றோ சரி என்று கேட்கலாம். கணிப்பதற்கு வேண்டிய செய்தி கேட்டதனால் மட்டுமே கிடைக்கிறது என்பதால், பொதுப்பெயர் கேட்டறி என்றே இருக்கட்டும். கணிக்கும் முறையை ‘இணைப்புநிலை’ (லிங்க் ஸ்டேட்) என்ற உட்பிரிவுப் பெயர் காட்டிவிடும். இணையத்தின் பெரிய வலையமைப்புகளை ஒன்றோடொன்று இணைக்கும் பி.ஜி.பி நெறிமுறையில் அண்டைத் திசைவி எது என்பதையே நாம் கையால் எழுதுகிறோம். ஆயினும் வழிகளை அந்த அண்டையிடமிருந்து கேட்டே பெறுகிறோம் என்பதால் அதுவும் இப்பெயருக்குள் அடங்கும்.

ஒரு கலைச்சொல்லின் தகுதி செய்முறைக் குறிப்பு எழுதும்போதுதான் தெரியவரும் என்பதால், சிஸ்கோ நிறுவனத்தின் திசைவி ஒன்றை ஓ.எஸ்.பி.எப்புக்கு அமைக்கும் குறிப்பை இச்சொற்களால் எழுதிப் பார்த்தேன். ‘முதலில் நெறிமுறையைத் தொடங்குக, இங்கு தரும் எண் அத்திசைவிக்குள் மட்டுமே பொருளுடையது. அடுத்துத் திசைவிக்குத் தனி அடையாளம் இடுக. பின்னர் 10.1.1.0 0.0.0.255 என்று முகவரி வரம்பைக் குறித்து, அதற்குள் அடங்கும் இடைமுகங்களை, பிற பகுதிகளை இணைக்கும் 0 என்னும் முதுகெலும்புப் பகுதியில் சேர்க்க. ஈதர்நெட் இடைமுகத்தில் இயல்பாக 10 நொடிக்கு ஒருமுறை வணக்கச் செய்தி (ஹலோ) செல்லும்; 40 நொடி வரை அண்டையின் குரல் கேளாவிடில், அந்த அண்டை இல்லை என்று கொள்ளப்படும். இவ்விரு கால அளவுகளும் இருபுறமும் ஒத்திராவிடில் அண்டை உறவு ஏற்படாது.’ குரல் கேளாவிடில் என்ற சொற்றொடர் எழுதும்போது தானாகவே வந்து அமர்ந்தது. இயங்குநிலை என்ற சொல்லிலிருந்து அது வந்திராது.

பாசிவ் இன்டர்பேஸ் என்பதற்கும் இதே வேர் உதவுகிறது. அதைச் ‘செயலற்ற இடைமுகம்’ என்று எழுதிய குறிப்பைப் படித்த மாணவர் ஒருவர், அந்த இடைமுகமே மூடப்பட்டுவிட்டது என்று கருதி அதற்கப்பால் உள்ள கணினிகளுக்காக வேறு வழி தேடிக்கொண்டிருந்ததை நான் கண்டிருக்கிறேன். உண்மையில் தரவு அதன் வழியே வழக்கம்போல் செல்கிறது. அந்த வலையமைப்பும் பிற திசைவிகளுக்கு அறிவிக்கப்படுகிறது. நெறிமுறைச் செய்திகளை அந்தப் பக்கம் அனுப்புவது மட்டுமே நிற்கிறது. ஆகவே ‘பேசா இடைமுகம்’ என்பதே பொருந்தும். இதில் ஒரு நுட்பமும் இருக்கிறது: ரிப் நெறிமுறையில் அது பேசாவிட்டாலும் கேட்கும், ஓ.எஸ்.பி.எப்பில் வணக்கம் சொல்லாததால் அண்டை உறவே உண்டாகாது, ஆகவே கேட்பதற்கும் ஒன்றுமில்லை. பேசா என்ற சொல் இரண்டுக்கும் பிழையின்றிப் பொருந்துகிறது.

அட்மினிஸ்ட்ரேட்டிவ் டிஸ்டன்ஸ் என்பதற்கு ‘நிர்வாகத் தொலைவு’ என்ற மொழிபெயர்ப்பையும் கைவிட வேண்டும், அதில் தொலைவு எதுவும் இல்லை. சிஸ்கோ திசைவிகளில் இட்ட வழிக்கு 1, ஓ.எஸ்.பி.எப்புக்கு 110, ரிப்புக்கு 120 என்று இயல்பாக அமைந்திருக்கும் அந்த எண், ஒரே இலக்குக்குப் பல மூலங்கள் வழி சொன்னால் யார் சொல்லை முதலில் நம்புவது என்ற வரிசைதான். ‘நம்பக வரிசை’ என்றால் எண் குறையக் குறைய நம்பிக்கை கூடுகிறது என்பது உடனே விளங்கும்.

கணினிக்குத் தானாக ஒதுக்கப்படும் டைனமிக் ஐ.பி. முகவரியையும் கேட்டறி முகவரி என்பீர்களா என்று யாரேனும் கேட்டால், இல்லை என்பேன். ஆங்கிலம் ஒரே அடைமொழியைப் பல இடங்களில் பயன்படுத்துகிறது என்பதற்காக நாமும் அவ்வாறே செய்ய வேண்டியதில்லை.

எனக்கு இன்னும் தெளியாதது ரீடிஸ்ட்ரிபியூஷன் என்பதற்கான சொல். ஒரு திசைவியில் இட்ட வழியை ஓ.எஸ்.பி.எப் வாயிலாக மற்றவற்றுக்குச் சொல்லும்போது, அதே வழி அவற்றுக்குக் கேட்டறி வழியாகிவிடுகிறது. இங்கே எதுவும் மீண்டும் பங்கிடப்படுவதில்லை; ஒரு மூலத்தில் அறிந்தது இன்னொரு நெறிமுறையின் வாய்மொழியாகச் சொல்லப்படுகிறது. ஆகவே ‘மறுபகிர்வு’ என்பதைவிட ‘எடுத்துரைப்பு’ நெருங்கி வருகிறது என்று நினைக்கிறேன். இதைவிடப் பொருத்தமான சொல் தோன்றுவோர் தெரிவிக்க வேண்டுகிறேன்.