வெள்ளிக்கிழமை நகம்

குழு: மாயவரம் வீடு

ராஜி, மாலை 6.41: சித்ரா, உன் பிள்ளையைக் கொஞ்சம் கேள். விளக்கு வைக்கிற நேரத்தில் திண்ணையில் உட்கார்ந்து நகம் வெட்டுகிறான். அம்மா உள்ளேயிருந்து திட்டிக்கொண்டே இருக்கிறார்.

சித்ரா, 6.43: டேய் அருண். வெள்ளிக்கிழமையும் அதுவுமாய்.

அருண், 6.44: இடது கை முடிந்தது அம்மா. வலது கை மட்டும் பாக்கி.

ராஜி, 6.44: பாக்கி அப்படியே இருக்கட்டும். நகவெட்டி என்னிடம் வந்துவிட்டது.

அருண், 6.46: காரணம் சொல்லுங்கள், நிறுத்துகிறேன் என்றேன். லட்சுமி போய்விடுவாள் என்கிறார் பாட்டி. அவ்வளவுதானா?

மூர்த்தி, 6.48: அந்தக் காலத்தில் மின்சாரம் கிடையாது. இருட்டில் வெட்டினால் விரலில் படும். இதுதான் அறிவியல்.

அருண், 6.48: அப்படியென்றால் வெள்ளிக்கிழமை காலையில் வெட்டலாமா பெரியப்பா?

மூர்த்தி, 6.53: (இந்தச் செய்தி நீக்கப்பட்டது)

கவிதா ரேக்யவிக், 6.55: இங்கே மத்தியானம் ஒன்றரை ஆகப்போகிறது, சாப்பிட உட்கார்ந்தேன். நகத்துக்கு இந்த ஐஸ்லாந்திலும் ஒரு கதை உண்டு. பாட்டி சொல்வதைவிடப் பயங்கரம்.

அருண், 6.55: சொல்லுங்க அக்கா.

கவிதா ரேக்யவிக், 6.59: நாக்ல்ஃபார் என்று ஒரு கப்பல். மரத்தில் செய்ததில்லை, செத்தவர்களின் நகத்தில் செய்தது. நகம் வெட்டாமல் ஒருவர் இறந்துபோனால் அவர் நகம் அந்தக் கப்பலுக்குப் போய்ச் சேரும். உலகம் முடிகிற நாளில், அதற்கு ராக்னரோக் என்று பெயர், கடல் பொங்கும்போது அந்தக் கப்பல் தெய்வங்களின் எதிரிகளைச் சுமந்துகொண்டு கிளம்பும். அதனால் இறந்தவருக்கு நகம் வெட்டிவிட வேண்டும். எவ்வளவு நகம் குறைகிறதோ அவ்வளவு நாள் கப்பல் வேலை இழுக்கும்.

சித்ரா, 7.00: விளக்கு வைக்கிற நேரத்தில் பேசுகிற பேச்சா இது கவிதா.

அருண், 7.01: ஆக, நான் நகம் வெட்டியது உலகத்தைக் காப்பாற்ற.

ராஜி, 7.02: உயிரோடு இருக்கிறவனுக்கு அந்தச் சலுகை கிடையாது. அம்மாவிடம் படித்துக் காட்டினேன். அதென்ன சாமிக்கே எதிரி, சாமிக்கே முடிவு என்று கேட்கிறார்.

கவிதா ரேக்யவிக், 7.07: அதுதான் இவர்கள் கதையில் எனக்குப் பிடித்த இடம் அத்தை. ஓடின் எல்லாத் தெய்வங்களுக்கும் மூத்தவர். அறிவு வேண்டும் என்று மீமிர் கிணற்றில் ஒரு கண்ணையே கொடுத்தவர். தன்னை ஃபென்ரிர் என்கிற ஓநாய் விழுங்கப்போகிறது என்று அவருக்கு முன்னாலேயே தெரியும். தெரிந்தும் போருக்கு ஆள் சேர்த்துக்கொண்டே இருக்கிறார். அவர் மகன் தோர் உலகத்தைச் சுற்றிக் கிடக்கிற பாம்பைக் கொன்றுவிட்டு ஒன்பது அடி நடப்பார். அதன் விஷத்தில் அங்கேயே விழுவார்.

மூர்த்தி, 7.09: ஓடின் என்பது தமிழ்ச் சொல்தான். ஓடியவன், ஓடினான், ஓடின். எனக்கு ஒரு ஃபார்வர்டு வந்திருக்கிறது, தேடிப் போடுகிறேன்.

கவிதா ரேக்யவிக், 7.09: அப்பா, தயவுசெய்து வேண்டாம்.

கவிதா ரேக்யவிக், 7.11: அந்தப் பெயருக்கு வேர் வெறி, ஆவேசம் என்கிற பொருளில் வருகிற சொல். 11ஆம் நூற்றாண்டில் ஆதாம் என்கிற ஜெர்மானியப் பாதிரியாரும் அப்படித்தான் எழுதியிருக்கிறார்.

ராஜி, 7.13: அருள் வந்து ஆடுகிறவர் என்று சொல்லிவிட்டேன். அம்மா உடனே தலையாட்டிவிட்டார்.

அருண், 7.14: பெரியப்பா ஃபார்வர்டு போடுவதற்கும் இவர்களிடம் ஆள் இருக்கிறதா அக்கா?

கவிதா ரேக்யவிக், 7.17: இல்லாமலா. ரட்டடோஸ்க் என்று ஒரு அணில். இக்த்ரசில் என்கிற உலக மரத்தின் உச்சியில் ஒரு கழுகு, வேரைக் கடித்துக்கொண்டு நீத்ஹோக் என்று ஒரு பாம்பு. கழுகு திட்டுவதைப் பாம்பிடமும், பாம்பு திட்டுவதைக் கழுகிடமும் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் அணிலுக்கு முழுநேர வேலை. மேலும் கீழுமாக ஓடிக்கொண்டே இருக்கும்.

அருண், 7.17: ஓடின அணில்.

மூர்த்தி, 7.18: நான் நல்ல செய்திகள்தான் அனுப்புகிறேன்.

சித்ரா, 7.20: பயமில்லாத கதை ஒன்றும் கிடையாதா? கல்யாணக் கதை மாதிரி.

கவிதா ரேக்யவிக், 7.28: இருக்கிறதே சித்தி. தோரின் சுத்தியலை த்ரீம் என்கிற அரக்கன் திருடிப் பூமிக்கடியில் எட்டு மைல் ஆழத்தில் புதைத்துவிட்டான். ஃபிரேயா தேவியை எனக்குக் கட்டிவைத்தால் தருகிறேன் என்றான். அவளிடம் போய்ச் சொன்னார்கள். மூச்சு வாங்கிய வாங்கில் கழுத்து ஆரமே அறுந்து விழுந்தது, அவ்வளவு கோபம். கடைசியில் தோருக்கே மணப்பெண் வேஷம் போட்டார்கள். முகத்திரை, இடுப்பில் சாவிக்கொத்து, கழுத்தில் அதே ஆரம். தோழியாக, தந்திரக்காரனான லோகி. விருந்தில் மணப்பெண் ஒரு முழு எருது, எட்டு சால்மன் மீன், பெண்களுக்கென்று வைத்திருந்த பலகாரம் எல்லாவற்றையும் தின்று, மூன்று பீப்பாய் தேன்மதுவும் குடித்தாள். மாப்பிள்ளை அசந்துபோய், ஒரு பெண் இப்படிச் சாப்பிட்டு நான் பார்த்ததே இல்லை என்றான். லோகி சொன்னான்: உங்களை நினைத்து எட்டு ராத்திரி பச்சைத் தண்ணீர் பல்லில் படவில்லை, பாவம்.

ராஜி, 7.30: அம்மா சிரித்துச் சிரித்து இருமல் வந்துவிட்டது. அப்புறம்?

கவிதா ரேக்யவிக், 7.34: அப்புறம் மாப்பிள்ளையின் அக்கா வந்து மணப்பெண் கையில் போட்டிருக்கிற தங்க வளையங்களைக் கழற்றிக் கொடு என்று நிற்கிறாள். கல்யாணத்தை வாழ்த்தச் சுத்தியலைக் கொண்டுவந்து மணப்பெண் மடியில் வைக்கிறார்கள். மடியில் வைத்ததுதான் தாமதம். முதல் அடி மாப்பிள்ளைக்கு. வளையம் கேட்ட அக்காவுக்கும் சுத்தியல்தான் கிடைத்தது.

சித்ரா, 7.35: சீர் கேட்ட நாத்தனாருக்கா? நல்ல கதை.

ராஜி, 7.35: சித்ரா, நானும் இந்தக் குழுவில்தான் இருக்கிறேன்.

சித்ரா, 7.36: ஐயோ அண்ணி, பொதுவாகச் சொன்னேன்.

மூர்த்தி, 7.40: கவி, இதெல்லாம் எப்போது எழுதியது? வாய்மொழியா, ஏடா?

கவிதா ரேக்யவிக், 7.47: முதலில் வாய்ப்பாட்டு அப்பா. ஐஸ்லாந்து 1000ஆம் ஆண்டு வாக்கில் கிறிஸ்தவத்துக்கு மாறிவிட்டது. நகக் கப்பலைப் பற்றிச் சொன்ன ஸ்னோரி ஸ்டுர்லுசன் எழுதியது 1220 வாக்கில். அவரும் கிறிஸ்தவர்தான். பழைய கதை தெரியாவிட்டால் பழைய கவிதை புரியாது, புதுக் கவிஞருக்குத் தொழிலும் வராது என்றுதான் உட்கார்ந்து எழுதினார். அந்தப் புத்தகத்துக்கு எட்டா என்று பெயர். பாட்டுகள் தனியாக 1270 வாக்கில் கன்றுத்தோலில் எழுதின ஒரு சின்னப் பிரதியில் இருக்கின்றன.

அருண், 7.48: எட்டா? நமக்கு எட்டாத புத்தகமா?

கவிதா ரேக்யவிக், 7.52: எட்டியது, அந்தப் பாட்டுப் பிரதியை நேரில் பார்த்தேன். நம் வீட்டுப் பால் கணக்கு நோட்டு அளவுதான் இருக்கும். 45 ஓலை, இல்லை, தாள். புகை பிடித்த மாதிரி பழுப்பு, ஓரமெல்லாம் கை பட்டுப் பட்டுக் கறுத்திருக்கிறது. நடுவில் 8 தாள் காணோம், அதில் இருந்த பாட்டு போனது போனதுதான். 1662இல் இங்கிருந்த ஆயர் அதை டென்மார்க் அரசருக்கு அனுப்பிவைத்தார். திரும்பி வந்தது 1971 ஏப்ரல் 21. விமானத்தை நம்பாமல் போர்க்கப்பலில் ஏற்றி அனுப்பினார்கள். துறைமுகத்தில் ஆயிரக்கணக்கில் கூட்டமாம்.

மூர்த்தி, 7.54: உ.வே.சா. ஏடு தேடி அலைந்ததுதான் நினைவுக்கு வருகிறது. இதை நான் ஃபார்வர்டு செய்யலாமா?

கவிதா ரேக்யவிக், 7.54: இதைச் செய்யுங்கள் அப்பா.

கவிதா ரேக்யவிக், 7.57: எட்டா என்ற சொல்லுக்குக் கொள்ளுப்பாட்டி என்றும் பொருள் உண்டு. இன்னொன்று, இவர்கள் பாட்டியை அழைப்பது "அம்மா" என்று. எதிர்வீட்டுக் குழந்தை அம்மா அம்மா என்று கத்தும், வெளியே வருவது அதன் பாட்டி. முதல் வாரம் ஒன்றும் புரியாமல் முழித்தேன். அப்பா, இது தற்செயல். ஃபார்வர்டு வேண்டாம்.

அருண், 7.59: சரி அக்கா, வெள்ளிக்கிழமைக்கு அங்கே ஏதாவது உண்டா? என் வலது கை இன்னும் அப்படியே இருக்கிறது.

கவிதா ரேக்யவிக், 8.05: நாம் செவ்வாயும் வெள்ளியும் வெட்டக்கூடாது என்போம் இல்லையா? நார்வே, டென்மார்க்கில் செவ்வாய் என்பது டீர் என்கிற தெய்வத்தின் நாள், வெள்ளி ஓடினின் மனைவி ஃபிரிக்கின் நாள். ரோமானியர்களின் கிரக வரிசையில் தங்கள் தெய்வங்களை வைத்துக்கொண்டார்கள். நமக்கும் கிரக வரிசை அதேதான். ஐஸ்லாந்தில் மட்டும் அந்தப் பெயர்களை எடுத்துவிட்டார்கள். 12ஆம் நூற்றாண்டில் ஓர் ஆயர் வேலை என்பார்கள். இப்போது செவ்வாய் மூன்றாம் நாள், வெள்ளி விரத நாள்.

ராஜி, 8.07: வெள்ளிக்கிழமை விரதமா! அம்மா எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

கவிதா ரேக்யவிக், 8.09: சனிக்கிழமைக்குப் பெயர் குளிக்கிற நாள்.

மூர்த்தி, 8.09: சனி நீராடு!!!

கவிதா ரேக்யவிக், 8.13: அருண், அந்த டீருக்கு வலது கை கிடையாது. அந்த ஃபென்ரிர் ஓநாயைக் கட்டிப்போட மாயக் கயிறு திரித்தார்கள், பூனையின் காலடிச் சத்தம், பெண்ணின் தாடி, மீனின் மூச்சு இப்படி இல்லாத சாமான்களைச் சேர்த்து. ஓநாய்க்குச் சந்தேகம். யாராவது என் வாயில் கை வைத்தால்தான் சம்மதம் என்றது. டீர் ஒருவர்தான் முன்வந்தார். கயிறு இறுகியது, கை போயிற்று.

அருண், 8.14: எனக்கு நகவெட்டியோடு போயிற்று, பரவாயில்லை.

ராஜி, 8.20: அம்மா ஒன்று கேட்கச் சொல்கிறார். சாமியெல்லாம் போன பிறகு அங்கே யார் இருப்பார்கள்?

கவிதா ரேக்யவிக், 8.24: கடலிலிருந்து பூமி பச்சைப் பசேலென்று மறுபடி எழும்பும் அத்தை. விதைக்காமலே வயல் விளையும். ஓர் ஆணும் ஒரு பெண்ணும் காட்டுக்குள் ஒளிந்து காலைப் பனித்துளியைக் குடித்துப் பிழைத்திருப்பார்கள். பாட்டியிடம் சொல்லுங்கள்.

ராஜி, 8.27: சொன்னேன். விதைக்காமல் விளைகிற வயலா, நம் ஆளுக்கு அங்கே என்ன வேலை என்கிறார்.

அருண், 8.28: பாட்டி, நாளைக்குக் குளித்துவிட்டு வலது கையை வெட்டிக்கொள்ளட்டுமா? சனி நீராடு.

ராஜி, 8.29: சனிக்கிழமையும் வெட்டக்கூடாதாம். ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்து நகவெட்டியை வாங்கிக்கொள்.