ரெண்டு தட்டு கரண்ட் அடுப்பு: ஒண்டு சூடாகேல்லை, மற்றதைப் போட்டால் ட்ரிப் சுவிச் விழுது

கொக்குவில்காரன்
வணக்கம். இரும்புத் தட்டு ரெண்டு உள்ள மேசை அடுப்பு. பெரிசு 1500 வாற், சின்னது 1000. மாரி தொடங்கினதில இருந்து பெரிசு சூடாகேல்லை, சிவப்பு லைற் மட்டும் எரியுது. சின்னதைப் போட்டால் கொஞ்ச நேரத்தில வீட்டு ட்ரிப் சுவிச் விழுது. ஏர்த் வயரைக் கழட்டிவிட்டால் விழாது எண்டு சொல்லுகினம். செய்யலாமோ? மல்டிமீற்றர் இருக்கு.

சுன்னாகம் வயரிங்
ஏர்த்தில கை வைக்காதேங்கோ. ட்ரிப் சுவிச் 30 மில்லி அம்பியர் கரண்ட் ஏர்த்துக்குக் கசிஞ்சாலே விழும். ஏர்த்தைக் கழட்டினால் அந்தக் கசிவு அடுப்பின்ர உடம்பிலயே நிக்கும். ஈரச் சீமெந்து நிலத்தில வெறுங்காலோட நிண்டு சட்டியைத் தொடுறவைக்குத்தான் அது அடிக்கும்.

முதல் பெரிய தட்டைப் பாப்பம். சுவிச்சை நிப்பாட்டினது காணாது, பிளக்கைச் சுவரில இருந்து கழட்டுங்கோ. நல்லா ஆறினாப்பிறகு தடிச்ச துணியில கவிழ்த்து அடித்தகட்டைத் திறவுங்கோ. எந்த வயரையும் அசைக்க முதல் போனில படம் எடுங்கோ. தட்டுக்குப் போற வயரில ஒண்டைக் கழட்டிப்போட்டு ரெண்டு முனைக்கும் இடையில ஓம் அளவுங்கோ. 230 வோல்றில 1500 வாற் தட்டுக்கு 35 ஓம் அளவில, 1000 வாற்றுக்கு 53 அளவில காட்டவேணும். ஒண்டும் காட்டாட்டில் உள்ளுக்குக் கொயில் அறுந்திட்டுது. அதைத் திருத்தேலாது, தட்டைத்தான் மாத்தவேணும். முனை நாலு உள்ள தட்டெண்டால் உள்ளுக்கு ரெண்டு மூண்டு கொயில் இருக்கும், இந்தக் கணக்கு அதுக்குச் சரிவராது.

லைற் எரியுறதால தேமோஸ்டாற் வரைக்கும் கரண்ட் வருது போல. என்ர சந்தேகம் கொயில், இல்லாட்டில் அதில செருகியிருக்கிற கிளிப். இளகின கிளிப்பைக் கண்டவுடனே தெரியும்: பித்தளை கறுத்து நீலம் பாஞ்சிருக்கும், பக்கத்து வயரின்ர தோல் காய்ஞ்சு வெடிச்சிருக்கும், விரலால தொட்டாலே கழண்டு வரும். செம்பு சிவப்பா மினுங்கிற இடம் வரைக்கும் வயரை வெட்டிப்போட்டு, சூடு தாங்கிற புதுக் கிளிப்பை நெரிச்சுப் பூட்டுங்கோ. ஈயம் (சோல்டர்) வைச்சு ஒட்டாதேங்கோ, சாதாரண சோல்டர் ஈயம் 190 பாகைக்குள்ளயே உருகிடும். வீட்டு வயரிங்கில வாற பிவிசி வயர் 70 பாகைக்கு மேல தாங்காது. சிலிக்கன் தோல் போட்ட 1.5 சதுர மில்லிமீற்றர் வயர் வாங்குங்கோ.

பருத்தித்துறை மின்திருத்தம்
மேல சொன்னது சரி. ட்ரிப் விழுறதுக்குக் காரணம் வேற. கொயிலைச் சுத்தி அடைச்சிருக்கிறது மக்னீசியம் ஒட்சைட்டு கலந்த காப்பு. அது ஈரத்தை உறிஞ்சும். மாரிக்காத்தில சும்மா கிடந்தாலும், கஞ்சி பொங்கித் தட்டின்ர விளிம்பால இறங்கினாலும் ஈரம் பிடிக்கும். தட்டுச் சூடாக அந்த ஈரம் உள்ளுக்க அசையத் துவங்கும், அதுதான் போட்ட உடனே விழாமல் பிந்தி விழுது.

இந்தக் கசிவை மல்டிமீற்றர் பிடிக்காமல் விடலாம், அது குடுக்கிறது சில வோல்ற்தான். வயர்மாரிட்ட இருக்கிற 500 வோல்ற் மெகரால (காப்பு அளக்கிற மீற்றர்) கொயில் முனைக்கும் தட்டின்ர இரும்புக்கும் இடையில பாக்கவேணும். 1 மெகாஓமுக்குக் கீழ நிண்டால் தட்டைக் கழட்டி, பேக்கிங் அவனில 110 பாகையில ரெண்டு மூண்டு மணித்தியாலம் வைச்சு, ஆறினாப்பிறகு திரும்பப் பாருங்கோ. அப்பவும் ஏறாட்டில் புதுத்தட்டுத்தான். ஏர்த்தைக் கழட்டிப்போட்டு அடுப்பின்ர சூட்டிலயே காயவைக்கிறவையும் இருக்கினம். அது உயிரோட விளையாட்டு.

கொக்குவில்காரன்
நன்றி. பெரிசு 36 ஓம் காட்டுது, கிளிப் நீங்கள் சொன்ன மாதிரியே கறுத்துப்போச்சு. சின்னதை மெகரில பாக்கக் குடுக்கிறன். இன்னொண்டு: பிளக் 13 அம்பியர் சதுரப் பிளக், சுவரில இருக்கிறது பழைய 5 அம்பியர் உருண்டைத் துளை. அடப்டர் போட்டுத்தான் பாவிக்கிறம்.

சுன்னாகம் வயரிங்
அதை இண்டைக்கே நிப்பாட்டுங்கோ. ரெண்டு தட்டும் சேந்தால் 2500 வாற், கிட்டத்தட்ட 11 அம்பியர். 5 அம்பியர் துளையும் அதுக்குப் பின்னால போற மெல்லிய வயரும் உருகும். ரெண்டு கால் அடப்டரெண்டால் ஏர்த்தும் இல்லை. 2.5 சதுர மில்லிமீற்றர் வயரில தனி 13 அம்பியர் பொயின்ற் ஒண்டு அடிப்பியுங்கோ, நீட்டு வயர் வேண்டாம்.

மூடின பிறகு, சுவரில செருக முதல், பிளக்கின்ர ஏர்த் காலுக்கும் ஒவ்வொரு தட்டின்ர இரும்புக்கும் இடையில அளவுங்கோ. 1 ஓமுக்குக் கீழ காட்டவேணும். தட்டில கறள் இருந்தால் சுரண்டிப்போட்டு மீற்றர் முனையை வையுங்கோ, இல்லாட்டில் பிழையான அளவு காட்டும்.